பட்டியலில் விட்டுப்போன பேஸ் கிடார்

பதிவு கொஞ்சம் நீளம். பழைய வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 1993ஆம் ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலைப் படமெடுத்துப் போட்டிருந்தார். என் கையெழுத்துதான். பாடியவர்கள், ஆர்மோனியம், தபேலா, கிடார் என்று எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. ஓரமாக நின்று பேஸ் கிடார் வாசித்தவன் பெயர் மட்டும் இல்லை. எட்டாம் வகுப்பு முடித்துப் போன பிறகும் நமக்காக வந்து, சர்ச்சில் வாசிக்கிற கிடாரைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தவன் அவன். "இது எதுக்குப்பா, சத்தமே கேட்கலையே?" என்று அன்று நான் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

சத்தம் கேட்காதது அவன் குற்றமில்லை. பேஸ் கிடாரின் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சின்ன ஸ்பீக்கரால் வெளியே தள்ள முடியாது. டிரான்சிஸ்டரில் பாட்டுக் கேட்டு வளர்ந்த என் காதுக்கும் அது பழகவில்லை. டீக்கடையில் பெரிய பெட்டி ஸ்பீக்கர் வந்து, இளையராஜா பாட்டில் அடியில் ஓடுகிற அந்த நடையைக் கேட்டபோதும், அதை ஒரு மனிதன் நின்று வாசிக்கிறான் என்று எனக்குத் தோன்றியதில்லை.

பல வருடம் கழித்து அதே பையன் வீட்டுக்கு வந்தான். என் காதில் ஹெட்போனை மாட்டி, "சார், பாடறவரை விட்டுட்டு அடியில மட்டும் கேளுங்க" என்றான். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பாட்டு. வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன்.

1936இல் தென் கரோலினாவில் பிறந்த கறுப்பின இளைஞர். 1954இல் டெட்ராய்ட் வந்தார். முதலில் வாசித்தது ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். மின்சார பேஸ் கிடார் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த அந்தக் கருவிக்குப் பெயர் 'பிரிசிஷன்', அதாவது துல்லியம். டபுள் பேஸில் சுரம் எங்கே என்று விரலே தேட வேண்டும். இதில் கம்பிக்கட்டுகள் இருப்பதால் விரல் வைத்த இடத்தில் சுரம் சரியாக நிற்கும்.

பெரி கார்டி 1959இல் தொடங்கிய மோடவுன் கம்பெனி, வெஸ்ட் கிராண்ட் பூலவார்டில் ஒரு சாதாரண வீட்டில்தான் இயங்கியது. ஒலிப்பதிவு அறையில் எங்கு பார்த்தாலும் வயர்கள் தொங்கும். அதனால் கலைஞர்கள் அதைப் 'பாம்புக் குழி' என்றார்கள். அந்தக் குழிக்குள்ளிருந்துதான் 1960களில் உலகம் முழுக்கக் கேட்ட பாட்டுகள் வந்தன.

ஜேமர்சனின் ஒலி தனியாகத் தெரிந்ததற்குக் காரணங்கள் உண்டு. அவருடைய 1962 பிரிசிஷனில் வழவழப்பான, கனமான தந்திகள் போட்டிருந்தார். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பழைய தந்தியில் கணகணப்பு போய், உருண்டையான ஒலி மிஞ்சும். கிடாரின் மூடிக்கு அடியில் இருந்த பஞ்சு, சுரம் இழுபடாமல் சட்டென்று அடங்க வைக்கும். வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். கிடாரை நேரே பதிவு மேசையில் இணைத்துவிடுவார்கள். டபுள் பேஸ் பழகிய கையும் ஜாஸ் பழகிய காதும் சேர்ந்து, தாளத்துக்குத் துணையாக இருந்த கருவியைப் பாட்டோடு பேச வைத்தன.

கடல் தாண்டி இங்கிலாந்தில் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி இதைக் கேட்டு ஏங்கினார். அங்கே பேஸ் அதிகமானால் இசைத்தட்டில் ஊசி துள்ளிவிடும் என்று பொறியாளர்கள் பயந்தார்கள். 1966இல் 'பேப்பர்பேக் ரைட்டர்' பதிவின்போது ஒரு பெரிய ஸ்பீக்கரையே மைக்காகத் திருப்பிப் பயன்படுத்தி அந்தக் கனத்தைப் பிடித்தார்கள். தம்மை மாற்றியவர் ஜேமர்சன் என்று மெக்கார்ட்னி பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்.

ஆனால் அவர் அந்தப் பாட்டுகளை ரசித்த காலத்தில் வாசித்தவர் பெயர் உறையில் இருக்காது. மோடவுன் தன் வாத்தியக்காரர்கள் பெயரை அச்சிடுவதில்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான் அவர்கள் பெயர்கள் முறையாக வந்தன. மறுவருடமே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. ஜேமர்சனும் பின்னால் போனார். பழைய இடம் கிடைக்கவில்லை. குடி அவரைத் தின்றது. அந்த 1962 கிடாரும் திருட்டுப் போனது. 1983 ஆகஸ்டில் 47 வயதில் இறந்தார். 2000இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் பெயர் சேர்த்தார்கள். பார்க்க அவர் இல்லை.

பெரிய கம்பெனி செய்ததும் நான் நிகழ்ச்சி நிரலில் செய்ததும் ஒன்றல்ல என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனசு ஒப்பவில்லை. காதில் தனியாக விழாதவனுக்குப் பெயர் எதற்கு என்ற நினைப்பு இரண்டிலும் ஒன்றுதான். முப்பது வருடம் அந்தப் பையன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததால் எனக்கும் உறைக்கவில்லை.

அந்த நிரலை அச்செடுத்து, கிடாருக்குக் கீழே விட்டுப்போன வரியை நேற்று என் கையாலேயே எழுதிக் குழுவில் போட்டேன். "எதுக்கு சார் இதெல்லாம்" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாகிட்ட காட்டினேன் சார்" என்று இன்னொன்று.

வீட்டுப்பாடம் தராமல் வகுப்பை முடித்துப் பழக்கமில்லை. டெம்ப்டேஷன்ஸ் பாடிய 'மை கேர்ள்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். பாட்டைத் தொடங்கி வைப்பதே ஜேமர்சனின் பேஸ்தான். பிறகு உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை எடுத்து, அடியில் ஓடுவதை மட்டும் கேட்டு, வாசித்தவர் யார் என்று தேடிக் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்