தமனித் தடிப்பில் நோயெதிர்ப்பு மண்டலம்: எந்த அழற்சி, யாருக்கு, எப்போது?

பெரும்பாலான மாரடைப்புகளுக்கும் பக்கவாதத்தின் கணிசமான பகுதிக்கும் அடிப்படையாக இருப்பது தமனித் தடிப்பு. இரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிந்து வழியை அடைக்கிறது என்பதே இந்நோயைப் பற்றிப் பரவலாக நிலவும் புரிதல். ஆனால் அந்தப் படிவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், கொழுப்போடு மேக்ரோஃபேஜ்கள், டி செல்கள் போன்ற நோயெதிர்ப்புச் செல்களும் திரண்டிருப்பது தெரியும். இதைச் சான்றாகக் காட்டி, 'இது கொழுப்பு நோயே அன்று, அழற்சி நோய்' என்று வாதிடுவோரும் உளர். இக்கட்டுரை இரண்டு நிலைப்பாடுகளையும் மறுக்கிறது. கொலஸ்ட்ரால் இல்லாமல் இந்நோய் தொடங்குவதில்லை. நோயெதிர்ப்பு மண்டலம் இல்லாமல் முற்றுவதில்லை. அதோடு, 'அழற்சி' என்ற பொதுச்சொல் நோயை விளக்க உதவலாம். சிகிச்சைக்கு வழிகாட்ட அது போதாது. எந்த அழற்சிப் பாதை, எந்த நோயாளியிடம், நோயின் எந்தக் கட்டத்தில் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இரு மரபுகள்

இந்த விவாதம் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ஷோ, தமனிச் சுவரின் மாற்றங்களுக்கு அழற்சியே மூலம் என்றார். வியன்னாவின் கார்ல் ஃபான் ரோகிடான்ஸ்கி, இரத்தத்திலிருந்து படியும் பொருள்களே முதன்மையானவை, அழற்சி பின்விளைவு என்றார். 1913இல் ரஷ்யாவின் நிகோலாய் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை உணவாகக் கொடுத்தே அவற்றின் தமனிகளில் படிவுகளை உண்டாக்கிக் காட்டினார். அதன்பின் கொலஸ்ட்ரால் மரபு மேலோங்கியது. விர்ஷோவின் கருத்து மீண்டும் வலுப்பெற்றது 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். 1999இல் ரஸ்ஸல் ராஸ், தமனித் தடிப்பு ஓர் அழற்சி நோய் என்று தலைப்பிலேயே அறிவித்துத் தம் கட்டுரையை வெளியிட்டார்.

சுவருக்குள் நடப்பது

இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல் துகள்கள் தமனியின் உட்படலத்தைக் கடந்து சுவருக்குள் சிக்குகின்றன. அங்கே ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. தூண்டப்பட்ட உட்படலச் செல்கள், இரத்தத்தில் ஓடும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் வந்து ஒட்டிக்கொள்வதற்கான மூலக்கூறுகளைத் தம் மேற்பரப்பில் வெளிப்படுத்துகின்றன. உள்ளே நுழைந்த மோனோசைட்டுகள் மேக்ரோஃபேஜ்களாக மாறி, உருமாறிய எல்.டி.எல்லை விழுங்குகின்றன. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் போதுமான அளவு சேர்ந்ததும் வழக்கமான எல்.டி.எல் ஏற்பி குறைந்துவிடும். ஆனால் உருமாறிய எல்.டி.எல்லை உள்ளிழுக்கும் வேறு வகை ஏற்பிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இதை மைக்கேல் பிரௌனும் ஜோசஃப் கோல்ட்ஸ்டீனும் 1979இல் காட்டினர். அளவின்றி விழுங்கிய மேக்ரோஃபேஜ் நுரைச் செல்லாகி இறுதியில் மடிகிறது. மடிந்த செல்கள் அகற்றப்படாமல் தேங்கும்போது படிவின் நடுவே இறந்த திசுவால் ஆன மையம் உருவாகிறது.

2010இல் வெளியான ஆய்வுகள் இன்னொரு கண்ணியைச் சேர்த்தன. கொலஸ்ட்ரால் படிகங்கள் மேக்ரோஃபேஜுக்குள் இருக்கும் என்.எல்.ஆர்.பி-3 என்ற புரதக் கூட்டமைப்பை இயக்கி, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதத்தை வெளியிடச் செய்கின்றன. அது இன்டர்லூக்கின்-6ஐத் தூண்ட, அது கல்லீரலைத் தூண்ட, இரத்தத்தில் அழற்சியின் அளவுகோலான சி.ஆர்.பி புரதம் உயர்கிறது. கொழுப்பும் அழற்சியும் இரு வேறு நோய்க் காரணங்கள் அல்ல, ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

படிவு உடைவதிலும் நோயெதிர்ப்புச் செல்களுக்குப் பங்குண்டு. டி செல்களின் ஒரு வகை சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா, கொலாஜன் உற்பத்தியைத் தடுக்கிறது. மேக்ரோஃபேஜ்களின் நொதிகள் ஏற்கெனவே இருக்கும் கொலாஜனையும் சிதைக்கின்றன. படிவை மூடியிருக்கும் நார்ப்படலம் மெலிந்து கிழிந்தால், அங்கே இரத்தம் உறைந்து மாரடைப்பு நேர்கிறது. அதே வேளையில், ஒழுங்குபடுத்தும் டி செல்கள் நோயை மட்டுப்படுத்துகின்றன என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே நோயெதிர்ப்பு மண்டலம் முழுவதையும் எதிரியாகக் கருதுவது பிழை.

காரணமா, உடனிருப்பா?

படிவில் நோயெதிர்ப்புச் செல்கள் இருப்பதால் மட்டுமே அவை காரணம் ஆகிவிடா. 1995இல், இரத்தக் கொழுப்பு மிகும்படி மரபணு மாற்றிய எலிகளில், மேக்ரோஃபேஜ் வளர்ச்சிக்குத் தேவையான காரணியையும் இல்லாமல் செய்து பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் மேலும் உயர்ந்தது. படிவுகளோ வெகுவாகச் சிறுத்தன. மறுபுறம், 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பி.சி.எஸ்.கே-9 மரபணு மாற்றத்தால் பிறப்பிலிருந்தே எல்.டி.எல் 28% குறைவாக இருந்த கறுப்பினத்தவரிடம் இதயத் தமனி நோய் 88% குறைவாக இருந்தது. முதல் சான்று நோயெதிர்ப்பின் தேவையையும், இரண்டாவது கொலஸ்ட்ராலின் முதன்மையையும் நிறுவுகின்றன.

மரபணு ஆய்வுகள் அழற்சிப் பாதைகளையும் தரம் பிரித்தன. பிறவியிலேயே சி.ஆர்.பி கூடுதலாக அமைந்தவர்களுக்கு நோய் கூடவில்லை. இன்டர்லூக்கின்-6 ஏற்பியின் செயல் குறைந்தவர்களுக்கு நோய் குறைந்தது. சி.ஆர்.பி அறிகுறி, இன்டர்லூக்கின்-6 பாதை காரணச் சங்கிலியில் உள்ளது.

மருந்துச் சோதனைகளின் பாடம்

2017இல் வெளியான கான்டோஸ் சோதனை, முன்பு மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி அளவும் உயர்ந்திருந்த 10,061 பேரிடம் நடந்தது. இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் தடுக்கும் கனகினுமாப், 150 மி.கி. அளவில், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றின் கூட்டு நிகழ்வை 15% குறைத்தது. எல்.டி.எல் மாறவில்லை. கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்தும் பயன் கிடைக்கும் என்பது மனிதர்களில் முதன்முறையாக நிறுவப்பட்டது. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த இறப்பு விகிதம் குறையவில்லை.

அடுத்து வந்த சிர்ட் சோதனையில், முடக்குவாதத்துக்குப் பயன்படும் மெத்தோட்ரெக்சேட் 4,786 பேரிடம் சோதிக்கப்பட்டது. பயனில்லை. இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6, சி.ஆர்.பி ஆகிய எதுவும் குறையவில்லை. இங்கே ஒரு மறுப்பு எழலாம்: இச்சோதனையில் சி.ஆர்.பி உயர்ந்தவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லையே, தோல்விக்கு அதுதானே காரணம்? இருக்கலாம். ஆனால் அந்த விளக்கமும் இக்கட்டுரையின் வாதத்தையே வலுப்படுத்துகிறது: சரியான பாதையோடு சரியான நோயாளியும் வேண்டும்.

கோல்ச்சிசின் மருந்தின் வரலாறு இதற்குக் காலத்தையும் சேர்க்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள இந்த நச்சுப்பொருள், மிகச் சிறிய அளவில் அழற்சியைத் தணிக்கும். நிலைத்த இதயத் தமனி நோயுள்ள 5,522 பேரிடம் 2020இல் அது நிகழ்வுகளை 31% குறைத்தது. 2024இல் முடிவு வெளியான கிளியர் சோதனையிலோ, மாரடைப்பு வந்த உடனே தொடங்கிய 7,062 பேரிடம் பயன் தெரியவில்லை. வீக்கத்தையும் வலியையும் நன்றாகவே குறைத்த ரோஃபெகாக்சிப், மாரடைப்பைக் கூட்டியதால் 2004இல் திரும்பப் பெறப்பட்டதையும் மறக்கலாகாது.

முடிவுரை

இச்சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, எல்.டி.எல்லைக் குறைப்பதே சிகிச்சையின் முதற்படி; அழற்சியைக் காரணம் காட்டி எல்.டி.எல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தை நிறுத்தச் சொல்வது ஆபத்தான அறிவுரை. இரண்டாவது, எல்.டி.எல் குறைந்தபின்னும் சி.ஆர்.பி உயர்ந்தே இருப்போரைத் தனிப் பிரிவாக அடையாளங்காண வேண்டும். முடக்குவாதமும் லூப்பஸும் உள்ளவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு கூடுதல் என்பதால், மூட்டைப் பார்க்கும் மருத்துவரே அவர்களின் கொலஸ்ட்ராலையும் பார்ப்பது கடமை. மூன்றாவது, 'அழற்சியைத் தணிக்கும்' என்ற ஒரே தகுதியை வைத்து எந்த மருந்தையும் உணவையும் இதயத்துக்கு நல்லது என்று பரிந்துரைக்கக் கூடாது. எந்தப் பாதையை அது தடுக்கிறது, தொற்றை எதிர்க்கும் ஆற்றலை எவ்வளவு குறைக்கிறது, மாரடைப்பை உண்மையில் குறைத்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் சோதனை வழியே விடை கிடைத்த பிறகே அந்தப் பரிந்துரைக்கு நியாயம் உண்டு.