குலைத்துக் கட்டும் கல்வி: மாணவர் ரீமிக்ஸ் பயிற்சியின் வரலாறு

பிறர் எடுத்த படத்திலிருந்தும் பிறர் பதிவு செய்த ஒலியிலிருந்தும் துண்டுகளை வெட்டியெடுத்து, அவற்றின் வரிசையை மாற்றியோ புதிய குரலைச் சேர்த்தோ, முன்பு அவற்றுக்கு இல்லாத ஒரு பொருளை உண்டாக்குவது ரீமிக்ஸ், அதாவது மறுகலவை, எனப்படுகிறது. கணினியோடு பிறந்த விளையாட்டாக இது பரவலாகக் கருதப்பட்டாலும், ஆசிரியர் பணிக்க மாணவர் செய்யும் முறையான பயிற்சியாக இதை நடத்திய வகுப்பறை கணினிக்குப் பல பத்தாண்டுகள் முந்தியது. அந்த வகுப்பறை, 1919ஆம் ஆண்டு மாஸ்கோவில் தொடங்கப்பட்ட அரசுத் திரைப்படப் பள்ளியைச் சேர்ந்தது.

உலகின் முதல் திரைப்படப் பள்ளி என்று கொள்ளப்படும் அந்நிறுவனம் தொடங்கியபோது ருஷ்யாவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. படத்தயாரிப்பாளர் பலர் கருவிகளோடு நாட்டைவிட்டு வெளியேறியிருந்தனர். கச்சா ஃபிலிம் உள்நாட்டில் உற்பத்தியாகவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதும் முற்றுகையால் நின்றுபோயிற்று. இந்நிலையில் மாணவர் பட்டறை ஒன்றை ஏற்று நடத்திய லெவ் குலெஷோவுக்கு அப்போது வயது இருபதைச் சுற்றியே இருந்தது. புதிதாக எடுக்கச் சுருள் இல்லாததால், அவருடைய மாணவர்கள் ஃபிலிம் இல்லாமலே காட்சிகளை மேடையில் துண்டு துண்டாக நடித்துப் பழகினர். பழைய படப்பிரதிகளை வெட்டி, வேறு வரிசையில் ஒட்டிப் பார்த்தனர். டி. டபிள்யூ. கிரிஃபித் 1916இல் வெளியிட்ட ‘இன்டாலரன்ஸ்’ என்னும் அமெரிக்கப் படம் ருஷ்யாவை எட்டியபோது, நான்கு காலங்களின் கதைகளை மாறி மாறிப் பின்னிச் செல்லும் அதன் அமைப்பு அந்தத் தலைமுறைக்குப் பாடநூலாகவே ஆயிற்று.

ஒரு படத்தைப் பார்ப்பதற்கும் அதைக் குலைத்து மீண்டும் கட்டுவதற்கும் உள்ள தொலைவு பெரிது. குலைப்பவர் ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை அடி நீளம், எங்கே தொடங்குகிறது, அடுத்ததோடு எதனால் இணைகிறது என்பதை அளந்தாக வேண்டும். பார்வையாளருக்கோ அவ்வளவு நெருங்கிப் பார்க்கவேண்டிய தேவை இல்லை. குலெஷோவ் பெயரால் இன்றும் வழங்கும் விளைவு இவ்வகை வேலையிலிருந்தே கண்டறியப்பட்டது. இவான் மோஸ்ஜூகின் என்னும் நடிகரின் சலனமற்ற முகத்தைக் காட்டும் ஒரே துண்டை வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டியபோது, அம்முகத்தில் பசியும் துயரமும் மாறி மாறித் தெரிவதாகப் பார்த்தவர்கள் உணர்ந்தார்கள் என்பது அதன் சாரம். அந்தச் சோதனைப் படம் இன்று கிடைக்கவில்லை. அதில் இருந்த காட்சிகளைப் பற்றிக் குலெஷோவும் அவருடைய மாணவர் புதோவ்கினும் பின்னாளில் எழுதியவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவும் இல்லை. ஆயினும் பொருள் துண்டில் இல்லை, துண்டுகளின் சேர்க்கையில் இருக்கிறது என்னும் அதன் முடிவு நிலைத்தது. ‘படைப்புப் புவியியல்’ எனப்பட்ட மற்றொரு சோதனையில், மாஸ்கோவின் வெவ்வேறு இடங்களில் நடந்துவரும் ஓர் ஆணும் பெண்ணும் சந்தித்துக் கைகுலுக்கி ஏறிட்டு நோக்க, அமெரிக்கப் படமொன்றிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட வெள்ளை மாளிகை அவர்கள் எதிரே எழுந்து நின்றது.

பட்டறைக்கு வெளியிலும் இதே கைத்தொழில் நடந்தது. இறக்குமதியான அயல்நாட்டுப் படங்களைச் சோவியத் பார்வையாளருக்கு ஏற்ப மறுதொகுப்புச் செய்து, வசன அட்டைகளைப் புதிதாக எழுதும் பணியில் எஸ்ஃபிர் ஷூப் என்னும் பெண் தொகுப்பாளர் ஈடுபட்டிருந்தார். ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘டாக்டர் மபூஸ்’ படத்தை அவர் 1924இல் மாற்றியமைத்தபோது அருகிருந்து பழகியவர்களில் இயக்குநர் ஐசன்ஸ்டைனும் ஒருவர். 1927இல் ஷூப் உருவாக்கிய ‘ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி’, ஜார் குடும்பம் தன் மகிழ்ச்சிக்காக எடுத்துவைத்த படங்கள் உள்ளிட்ட பழைய சுருள்களைக் கொண்டே தொகுக்கப்பட்டது. அரச குடும்பத்தின் பெருமைக்காக எடுக்கப்பட்ட துண்டுகள், வரிசையும் எழுத்தும் மாறியவுடன் அதற்கெதிரான சாட்சியாயின. திரைப்பட வரலாறுகள் ஐசன்ஸ்டைனுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒரு பங்கையேனும் ஷூப்புக்கு அளிக்கக் கடமைப்பட்டிருக்கின்றன.

அடுத்த பெரிய திருப்பம் கலிஃபோர்னியாவில் நிகழ்ந்தது. 1991இல் ஆப்பிளின் குவிக்டைமும் அடோபியின் பிரிமியரும் வெளிவந்து, படத்தொகுப்பு மேசைக் கணினிக்குள் நுழைந்தது. தன் வாழ்க்கைக் கதைகளைத் திரையில் ஓடும் படங்களோடு மேடையில் சொல்லிவந்த டேனா ஆட்ச்லி என்னும் கலைஞர், 1993இல் லாஸ் ஏஞ்சலஸின் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தில் பயிலரங்கு ஒன்றை நடத்தினார். நாடகத்துறையைச் சேர்ந்த ஜோ லாம்பர்ட் உடன் நின்றார். அவரும் துணைவர்களும் மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய மையம் 1998இல் பெர்க்லிக்கு இடம்பெயர்ந்து, டிஜிட்டல் கதைசொல்லல் மையம் என்று பெயர்பெற்றது. இங்கு டிஜிட்டல் கதை என்பது, சொல்பவரின் சொந்தக் குரலில் இரண்டு மூன்று நிமிடம் ஓடும், குடும்ப ஆல்பத்துப் படங்களால் ஆன சிறு காணொளியைக் குறித்தது. பங்கேற்பவர்கள் முதலில் வட்டமாக அமர்ந்து கதையைச் சொல்லிக்காட்டி, பிறர் கருத்தைக் கேட்டு, அதன் பின்னரே கணினியை அணுகினர்.

மாஸ்கோவில் பஞ்சம் விதித்த எல்லையை இங்கே ஆசிரியர்கள் தாங்களே விதித்தனர். கணினி எவ்வளவு நீளமான படத்தையும் ஏற்கத் தொடங்கிய காலத்தில், சில நூறு சொற்களுக்குள் எழுது, சில படங்களே போதும் என்று கட்டுப்படுத்தியது பின்னோக்கிய செயலாகத் தோன்றலாம். ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் வழக்கத்தை அறிந்த தமிழருக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. இம்முறை 2001இல் பிபிசியும் கார்டிஃப் பல்கலைக்கழகமும் இணைந்து தொடங்கிய ‘கேப்சர் வேல்ஸ்’ திட்டத்தின் வழியே வேல்ஸ் நாட்டு ஊர்களுக்குச் சென்றது. அதை வழிநடத்திய டேனியல் மெடோஸ், 1970களில் இரட்டை அடுக்குப் பேருந்தொன்றில் இங்கிலாந்தைச் சுற்றி, எதிர்ப்பட்ட மக்களை இலவசமாகப் படமெடுத்துக் கொடுத்தவர்.

சொந்த ஆல்பத்தை விட்டுப் பிறர் படைப்பைத் தொடும்போது சட்டம் குறுக்கிட்டது. அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம், டிவிடி போன்றவற்றின் மின்பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. எடுத்தாளும் துண்டு நியாயமான பயன்பாட்டுக்கு உட்பட்டதாயினும் பூட்டை உடைக்க அனுமதியில்லை. 2006இல் வழங்கப்பட்ட விலக்கு, திரைப்பட, ஊடகத் துறைப் பேராசிரியர்கள் வகுப்புக்காகத் துண்டுகளைத் தொகுப்பதற்கு மட்டும் பொருந்தியது. அத்துறைகளின் மாணவர்களுக்கு அவ்வுரிமை 2010இல்தான் கிடைத்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957), கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பைப் படியெடுக்கும் ஆசிரியரையும் மாணவரையும் 52ஆம் பிரிவில் ஒருசேர விலக்கியிருப்பதோடு ஒப்பிட்டால், ஆசிரியரை முன்னும் மாணவரைப் பின்னும் நிறுத்திய அந்த வரிசை உறுத்துகிறது. கத்தரிக்கோலைக் கையில் பிடிக்காமல் தொகுப்பைக் கற்க முடியாது என்பது குலெஷோவின் பட்டறையிலேயே தெளிவான செய்தி.

அதே 2010இல், வர்ஜீனியா மாநிலத்தின் ஃப்ரெடெரிக்ஸ்பர்க் நகரிலுள்ள மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், கணினி அறிவியல் துறையின் 106ஆம் எண் பாடமான டிஜிட்டல் கதைசொல்லலை ஜிம் க்ரூம் புதிய முறையில் நடத்தத் தொடங்கினார். மறு ஆண்டு அது பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்களும் சேர்ந்து பயிலும்படி திறக்கப்பட்டு, டிஎஸ்106 என்று பெயர்பெற்றது. 2012இல் சேர்க்கப்பட்ட ‘தினம் ஒரு படைப்பு’ என்னும் பயிற்சி, சில நிமிடங்களில் முடியக்கூடிய ஒரு சிறு வேலையை நாள்தோறும் பணித்தது. எல்லை இம்முறை நேரத்தின் வடிவில் வந்தது. இவற்றிலும் முக்கியமானது, பயிற்சிகளைச் சேமிக்கும் பொதுக் களஞ்சியம். ஆசிரியர் பட்டியலிட, மாணவர் செய்வது என்ற பழைய ஒழுங்கு அங்கே தளர்ந்தது. மாணவரும் வெளியாரும் புதிய பயிற்சிகளை எழுதிச் சேர்த்தனர். செய்து பார்த்தவர்கள் அவற்றின் கடினத்தை நட்சத்திரங்களால் மதிப்பிட்டனர். செய்த படைப்புகள் அந்தந்தப் பயிற்சியின் கீழேயே எடுத்துக்காட்டுகளாகச் சேர்ந்தன. குலெஷோவின் மாணவர்கள் படத்தைக் குலைத்துக் கட்டினார்கள் என்றால், இவர்கள் பாடத்திட்டத்தையே அவ்வாறு செய்தார்கள் எனலாம்.

அக்களஞ்சியத்தில் மாணவர்கள் விரும்பிச் செய்த பயிற்சிகளுள் ஒன்று, இக்காலப் படமொன்றின் முன்னோட்டத்தை எடுத்து மௌனப்படமாக மாற்றுவது. அதைச் செய்பவர் வண்ணத்தை நீக்கி, உரையாடலை அடக்கி, பொருத்தமான இசையைச் சேர்த்து, பேசப்பட்ட சொற்களில் எது அவசியம் என்று தேர்ந்து வசன அட்டைகளில் எழுதி, அவற்றைக் காட்சிகளுக்கிடையே சரியான இடத்தில் செருக வேண்டும். அட்டை ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் காட்சியின் பொருள் மாறிவிடும். மாஸ்கோவின் தொகுப்பறையில் எஸ்ஃபிர் ஷூப் நாள்தோறும் செய்துவந்த வேலையும் இதுவே.