அடர் கந்தக அமிலமும் பம்பின் உலோகமும்: சம அரிமான வரைபடத்துக்கு ஒரு மறுவாசிப்பு

அறை வெப்பநிலையில் 98 சதவீதக் கந்தக அமிலத்தைக் கார்பன் எஃகு தாங்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்த அமிலம் எஃகுத் தொட்டிகளில்தான் சேமிக்கப்படுகிறது. டேங்கர் லாரிகளிலும் எஃகுக்குள்தான் பயணிக்கிறது. சர்ச்சை அதற்கு அடுத்த அடியில் தொடங்குகிறது. தொட்டிக்கு ஒத்துவந்த உலோகம், அதே அமிலத்தை அதே வெப்பநிலையில் தள்ளும் பம்புக்கும் ஒத்துவருமா? வரும் என்று கொள்ளும் போக்கு அரிமானவியல் எழுத்துகளில் நெடுநாளாக உண்டு. அது நம்பும் சம அரிமான வரைபடத்தில் ஓர் அச்சில் செறிவு, மற்றதில் வெப்பநிலை. நடுவே ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லும் கோடுகள். பாதுகாப்பான கோட்டுக்குள் விழும் உலோகத்தைத் தொட்டி, குழாய், பம்பு என்று வேறுபாடின்றி எல்லாவற்றுக்கும் அப்போக்கு பரிந்துரைக்கிறது. இக்கட்டுரை அந்த வாசிப்பை ஏற்கவில்லை. வரைபடத்தின் எண்கள் சரியாகவே இருக்கலாம். அவை விடை சொல்லும் கேள்வி வேறு.

அந்த எண்கள் பிறக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். எடை பார்த்த உலோகத் துண்டு ஒன்று அமிலத்தில் தொங்கவிடப்படுகிறது. குறித்த காலம் கழித்து எடுத்துக் கழுவி, உலர்த்தி, மீண்டும் எடை பார்க்கிறார்கள். குறைந்த எடை மில்லிமீட்டராக மாற்றப்படுகிறது. பெரும்பாலான சோதனைகளில் அமிலம் அசையாமல் நிற்கிறது. எஃகுக்கு இது சிறிய விவரம் அன்று. அடர் அமிலத்தில் எஃகு கரைந்ததும் அதன் மேல் இரும்பு சல்பேட் படிகிறது. இந்த உப்புப் படலமே அடுத்த தாக்குதலைத் தடுக்கும் ஒரே கவசம். எல்லிசனும் ஷ்மீலும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது: கரைந்த இரும்பு சல்பேட் பரப்பிலிருந்து எவ்வளவு விரைவாக விலகிச் செல்கிறதோ, அதுவே அரிமான வீதத்தை நிர்ணயிக்கிறது. இதை ஒப்புக்கொண்டால், அமிலத்தின் வேகத்தைக் குறிப்பிடாத எந்த வீதமும் பாதி விடைதான்.

இன்னொரு சிக்கல் சோதனைக் குடுவையிலேயே இருக்கிறது. சதுர சென்டிமீட்டர் பரப்புக்குக் குறைந்தது 20 மில்லிலிட்டர் திரவம் வேண்டும் என்பது அமிழ்வுச் சோதனைகளுக்கான பழகிய விதி. அந்த அளவைக் கடைப்பிடித்தாலும் நாள் செல்லச் செல்லக் குடுவை அமிலத்தில் இரும்பு ஏறுகிறது. ஏற ஏறத் தாக்கும் ஆவலும் தணிகிறது. பம்புக்கோ ஒவ்வொரு நொடியும் புது அமிலம் வருகிறது. ஆகவே குடுவையில் அளந்த எண், எஃகைப் பொறுத்தவரை, பம்பில் நேரும் வீதத்தைக் குறைத்தே காட்டும் என்று கருத இடமுண்டு. எந்த அளவுக்குக் குறைத்துக் காட்டுகிறது என்பது ஒவ்வொரு சோதனையின் கால அளவையும் பொறுத்தது. பொதுவாக ஓர் எண் தர இக்கட்டுரை துணியவில்லை.

இப்போது வேகம். கார்பன் எஃகுக் குழாயில் அடர் அமிலம் நொடிக்குச் சுமார் 1 மீட்டருக்கு மேல் ஓடக் கூடாது என்பது ஆலை வடிவமைப்பாளர்கள் அனைவரும் அறிந்த வரம்பு. 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இம்பெல்லர் நிமிடத்துக்கு 2,900 சுற்றுகள் சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர் நகர்கிறது. சுழற்சியைப் பாதியாகக் குறைத்தாலும் 15 மீட்டர். வேகம் 30 மடங்கானால் வீதமும் 30 மடங்காகும் என்று நேர்க்கணக்குப் போட்டுவிட முடியாது. கொந்தளிக்கும் ஓட்டத்தில் பொருள் பெயர்வு அதைவிடச் சற்று மெதுவாகவே ஏறும். ஆனால் படலமே பிய்த்தெறியப்படும் இடத்தில் அந்தக் கணக்கும் செல்லாது. அமிலத்தில் உழைத்த வார்ப்பிரும்புப் பம்பைக் கழற்றினால் இது கண்ணுக்கே தெரியும். உறையின் அகன்ற, ஓட்டம் மந்தமான பக்கத்தில் வார்ப்பு மணலின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். ஓட்டம் வெட்டிப் பிரியும் வால்யூட்டின் நாக்கோ கத்தி முனை போல மெலிந்திருக்கும். உலோகம், அமிலம், வெப்பநிலை எல்லாம் ஒன்றே. வரைபடத்தில் இரண்டு இடங்களுக்கும் ஒரே புள்ளிதான்.

வேகத்தை ஒரு வாதத்துக்காக ஒதுக்கிவிடுவோம். அப்போதும் கோடு பம்புக்கு உதவாது. ஆண்டுக்கு 0.5 மில்லிமீட்டர் என்பதைப் பல கையேடுகள் ஏற்கத்தக்க எல்லையாக வைக்கின்றன. 10 மில்லிமீட்டர் தொட்டிச் சுவருக்கு அது நியாயமான எண். இம்பெல்லரின் வியர் ரிங்குக்கும் உறையின் ரிங்குக்கும் இடையே சிறிய பம்புகளில் விடப்படும் விட்ட இடைவெளி சுமார் 0.3 மில்லிமீட்டர். இரு ரிங்குகளின் எதிரெதிர்ப் பரப்புகளும் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் தேய்ந்தால், விட்டக் கணக்கில் இடைவெளி 2 மில்லிமீட்டர் விரிகிறது. தள்ளிய அமிலத்தில் ஒரு பங்கு அந்த இடுக்கு வழியே உறிஞ்சும் பக்கத்துக்கே திரும்பும். பம்பு சுழலும், அமிலம் மேலே போய்ச் சேராது. வீதம் 0.1 மில்லிமீட்டராக இருந்தால்கூட ஓராண்டில் இடைவெளி இரு மடங்குக்கு மேல் ஆகிவிடும்.

உறைக்குக் கூடுதல் தடிமன் கொடுத்தால் போதும் என்பார்கள். பம்புகளுக்கான ஏபிஐ 610 தரநிலையும் அழுத்தம் தாங்கும் உறைக்கு 3 மில்லிமீட்டர் அரிமான ஒதுக்கீடு கேட்கிறது. சரி, இடைவெளிக்கு எப்படி ஒதுக்குவது? வரைபடம் முதற்கட்டச் சல்லடை மட்டுமே என்ற மறுப்பும் உண்டு. கொள்முதல் தாள்களில் அந்தச் சல்லடையே இறுதித் தீர்ப்பாகிவிடுவதைப் பார்த்தவர்கள் அதை நீண்ட நேரம் விவாதிக்க மாட்டார்கள்.

கனமான எதிர்ச்சான்று ஒன்று இருக்கிறது. கந்தக அமில ஆலைகளில் அமிலத் தொட்டிக்குள் செங்குத்தாக இறங்கி நிற்கும் பம்புகள் வார்ப்பிரும்பு உடலோடு ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கின்றன, அதுவும் சூடான அடர் அமிலத்தில். வரைபட வாசிப்பை ஆதரிப்பவர்கள் இதையே முன்வைக்கிறார்கள். எனினும் அப்பம்புகளின் பாகப் பட்டியலைப் புரட்டினால் கதை மாறுகிறது. தடித்த உறையும் அமிலம் நிதானமாக ஏறும் பகுதிகளும் வார்ப்பிரும்பு. இம்பெல்லரும் வியர் ரிங்குகளும் நிக்கலும் குரோமியமும் மிகுந்த கலப்புலோகங்கள். அவற்றை உருவாக்கியவர்கள் வேகத்தைப் பார்த்துத்தான் உலோகத்தைப் பிரித்திருக்கிறார்கள். எதிர்ச்சான்று என்று கொண்டுவரப்பட்டது இக்கட்டுரையின் பக்கமே நிற்கிறது.

ஏன் அந்தக் கலப்புலோகங்கள்? அலாய் 20இன் வார்ப்பு வடிவமான சிஎன்-7எம்மில் 19 முதல் 22 சதவீதம் குரோமியம், 27.5 முதல் 30.5 சதவீதம் நிக்கல், உடன் மாலிப்டினமும் செம்பும் உண்டு. அதன் கவசம் கரையும் உப்பல்ல. உலோகத்தோடு இறுகப் பற்றிய மெல்லிய ஆக்சைடு. வேகத்துக்கு அது எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை, வெப்பம் கூடக்கூடத் தளரும் என்றாலும். சுமார் 14.5 சதவீதம் சிலிக்கன் கொண்ட வார்ப்பிரும்பு இன்னும் பிடிவாதமானது. ஆனால் திடீர் வெப்ப மாற்றத்தில் விரிசல் விடும், கடைசல் எந்திரத்துக்கு மசியாது. தேய்த்துத்தான் வடிவம் தர வேண்டும்.

வேகம் எப்போதும் எதிரி என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அது இன்னொரு பிழை. கடல்நீரில் 316 எஃகு நேர்மாறாக நடக்கிறது: நொடிக்கு 1.5 மீட்டருக்கு மேல் ஓடும் நீரில் ஓரளவு தாக்குப்பிடிக்கும், நின்ற நீரில் குழி விழும். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியிலும் நெம்மேலியிலும் உள்ளவை போன்ற கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இது ஏட்டுச் சிக்கல் அல்ல. ஓடும் பம்புக்குப் பக்கத்தில், கடல்நீர் நிரம்பிய வயிற்றோடு மாற்றுப் பம்பு ஒன்று சும்மா நிற்கும். 316இல் செய்திருந்தால் முதலில் கெடுவது உழைக்காத அந்தப் பம்பாகவே இருக்கும். குழி எதிர்ப்புக் குறியீடு 40க்கு மேல் உள்ள சூப்பர் டூப்ளெக்ஸ் எஃகைத் தேர்வதற்கு ஒரு காரணம் இந்த நிற்கும் நேரம்.

செறிவு என்ற அச்சும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதல்ல. ஹாஸ்டலாய் பி-2 தூய ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு மிகச் சிறந்த உலோகங்களுள் ஒன்று. அந்த அமிலத்தில் ஃபெரிக் அயனி சிறிது கலந்தாலே வேகமாக அரிபடும். எஃகின் துருவை நீக்கப் பயன்படும் அமிலத்தில் இரும்பு இல்லாமல் இருக்குமா? கந்தக அமிலத்திலும் இதே கதை வேறு உருவில் வரும். பம்புக்குள் 98 சதவீதம். கிளாண்டு வழியே கசியும் துளியோ காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீர்த்துப்போய், வெளியே எஃகு ஷாஃப்ட்டைக் கடிக்கிறது. பழுது பார்க்கும் முன் பம்பைத் தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கம் இன்னும் மோசம். மூலைகளில் தங்கிய அமிலம் சூடேறிக்கொண்டே அடர்த்தியிலிருந்து நீர்த்த நிலைக்கு இறங்கி, எஃகு தாங்கவே முடியாத செறிவுகளையெல்லாம் கடக்கிறது. ஆவணத்தில் பதிவாகியிருப்பது 98 மட்டுமே.

பிஎஃப்ஏ என்ற ஃபுளோரோபாலிமர் பூச்சிட்ட, சீல் இல்லாத காந்த இயக்கப் பம்பை வாங்கிவிட்டால் இத்தனை விவாதமும் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். சீல் இல்லையென்றால் கசிவு குறையும், உண்மைதான். ஆனால் அப்பம்பின் பேரிங்குகள் பொதுவாகச் சிலிக்கன் கார்பைடு. தள்ளப்படும் திரவமே அவற்றுக்கு மசகு. அந்தச் சிலிக்கன் கார்பைடிலும் இரு வகை உண்டு. வினைப் பிணைப்பு வகையில் தனிச் சிலிக்கன் எஞ்சியிருக்கும்; அடர்ந்த காரம் அதைத் தின்றுவிடும். சின்டர் செய்த வகையில் அந்த எச்சம் இல்லை. விலைப்புள்ளியில் பல நேரம் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும், வகையைக் கேட்டு எழுதி வாங்குவது வாங்குபவர் வேலை.