நரித்தலைக்கு ஒரு சில்லிங்

இங்கிலாந்தின் பழைய கிராமத் தேவாலயங்களின் கணக்குப் புத்தகங்களில், மெழுகுதிரிக்கும் மணிக்கயிற்றுக்கும் கொடுத்த காசோடு நரித்தலைக்குக் கொடுத்த காசும் எழுதப்பட்டிருக்கும். 1566இல், முதலாம் எலிசபெத் காலத்தில், தானியத்தைக் காப்பதற்கென்று ஒரு சட்டம் வந்தது. பயிருக்கும் பண்ணைக்கும் கேடு என்று கருதப்பட்ட உயிர்களின் பட்டியலும், தலைக்கு இவ்வளவு என்று விலையும் அதில் இருந்தன. மூன்று காகத்தலைக்கு ஒரு பென்ஸ். முள்ளெலிக்கு இரண்டு. நரிக்கும் பட்ஜருக்கும் பன்னிரண்டு பென்ஸ், அதாவது ஒரு சில்லிங். கொன்றவர் தலையைக் கொண்டுவந்து தேவாலயக் காப்பாளரிடம் காட்டிக் காசு வாங்கிப் போகலாம். ஏட்டில் அந்தச் சட்டம் 1863வரை நீடித்தது. றொஜர் லவ்குரோவ் என்பவர் இந்தக் கணக்குகளை ஊர் ஊராகத் தேடிப் படித்து, 2007இல் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

இதை நான் வாசிக்கத் தொடங்கியது ஒரு கேள்வியால். இன்றைக்கு இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் இரவில் துவக்கோடு ஒருவர் வயலுக்குள் இறங்கி நரி சுடலாம். நிலத்துக்காரரின் அனுமதியும் பொலிஸ் கொடுத்த உரிமப் பத்திரமும் இருந்தால் போதும். நரிக்கு வேட்டைத் தடைக்காலம் என்று ஒன்று இல்லை. இரவு பகல் வித்தியாசமும் இல்லை. ஆனால் இதே நாட்டில் இரவும் துவக்கும் சேர்ந்தால் தூக்குமரம் என்றிருந்த காலம் ஒன்றும் உண்டு. எப்போது, யாருக்காக இது மாறியது?

முதலில் நரியின் அந்தஸ்து மாறியது. மான்தான் அரச வேட்டை. நரி வெறும் பீடை. பதினெட்டாம் நூற்றாண்டில் மான்காடுகள் சுருங்கிவிட, கனவான்களுக்குக் குதிரையில் பாய்ந்து துரத்த வேறொன்று தேவைப்பட்டது. லெஸ்ரர்ஷயரில் ஹியூகோ மெய்னெல் என்பவர் 1753இலிருந்து வேகமான வேட்டைநாய்களை இனம்பிரித்து வளர்த்தார். பீடை விளையாட்டானது. அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் நரிக்குப் பஞ்சமே வந்துவிட்டது. நரி தங்குவதற்கென்று புதர்க்காடுகள் நட்டார்கள். பிரான்சிலிருந்தும் ஒல்லாந்திலிருந்தும் நரிகளைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி, லண்டன் லெடன்ஹோல் சந்தையில் விற்றார்கள். வேட்டைக்கழகங்கள் அவற்றை வாங்கிக் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டன. கோழியைப் பறிகொடுத்த குடியானவனுக்கு நட்டஈடு கொடுக்கத் தனியாகப் பணம் ஒதுக்கின. அவன் நரியைத் துவக்கால் சுட்டுவிட்டாலோ, அது சட்டப்படி குற்றமில்லை; ஆனால் ஊருக்குள் பசுக்கொலை செய்தவனைப் போல் பார்த்தார்கள். அந்தப் பாவத்துக்கென்று லத்தீன் வேரிலிருந்து ஒரு சொல்லையே செய்து வைத்திருந்தார்கள். முப்பாட்டன் தலைக்கு ஒரு சில்லிங் வாங்கிய அதே செயல்தான்.

இந்தப் பைத்தியத்தை அவர்கள் நீலகிரிக்கும் கொண்டுபோனார்கள். இங்கிலாந்திலிருந்து நாய்கள் கப்பலேறின. ஊட்டியின் வென்லொக் டவுன்ஸ் புல்வெளியில் செந்நரி இல்லாததால் குள்ளநரியைத் துரத்தினார்கள். மாணிக்கவாசகருக்காக நரியைப் பரியாக்கிய கதையில் வளர்ந்த நமக்கு, நரிக்காகப் பரிகளைப் பாழாக்கிய இந்தக் கதை கொஞ்சம் தலைகீழாகத்தான் தெரியும்.

இனி இரவு. 1723இல் நிறைவேறிய கறுப்புச் சட்டம், முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆயுதத்தோடு மான்தோட்டங்களிலோ முயல்பண்ணைகளிலோ நடமாடினாலே மரண தண்டனை என்றது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அது இருந்தது. அது போனபின் வந்த 1828ஆம் ஆண்டின் இரவுத் திருட்டுவேட்டைச் சட்டம், மூன்று பேரோ அதற்கு மேலோ இரவில் ஆயுதத்தோடு பிறர் நிலத்தில் வேட்டைக்கு நுழைந்தால் 14 ஆண்டுவரை நாடுகடத்தலாம் என்றது. பொதுநிலங்களுக்கு வேலி போடப்பட்டு, கூலி சுருங்கி, முயல் பிடித்துக் குழம்பு வைத்த ஏழைகளே இதில் அகப்பட்டார்கள். நிலப்பிரபுக்கள் புதர்களுக்குள் கம்பி கட்டித் துவக்குகளைப் பொருத்தியும் வைத்தார்கள். கம்பியில் கால் பட்டால் வெடிக்கும். வன்னியில் பன்றிக்குக் கட்டும் கட்டுத்துவக்கைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் இங்கே அது கட்டப்பட்டது மனிதருக்கு. வழிதவறிய பிள்ளைகளும், சில வேளை கட்டியவனின் ஆட்களும் காயப்பட்டபின், 1827இல்தான் தடைசெய்தார்கள்.

ஆக, இரவில் துவக்கோடு நடக்கும் உரிமை நிலத்துக்காரரிடமும் அவருடைய கூலியாளிடமும் மட்டும் எஞ்சியது. அந்தக் கூலியாள்தான் வேட்டைக்காவலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்புறமாகத் தோட்டா போடும் துவக்குகள் வந்து, ஆட்கள் பறவைகளை விரட்டிவர, வரிசையில் நின்று சுடும் வழக்கம் பெருகியது. அதற்கு ஆயிரக்கணக்கில் ஃபெசன்ற் கோழிகளை வளர்த்துவிட வேண்டியிருந்தது. ஃபெசன்ற், அந்த நரிகளைப்போலவே, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. 1911 குடித்தொகைக் கணக்கில் வேட்டைக்காவலர்கள் சுமார் 23,000 பேர். அவர்கள் நிலைமை இக்கட்டானது. முதலாளி மார்கழியில் ஃபெசன்ற் சுட வேண்டும். முதலாளியின் மைத்துனர் நரிவேட்டைக்கு வருவார். கோழியும் நிறைய இருக்க வேண்டும், நரியும் இருக்க வேண்டும். பகலில் நரியைக் காட்டி, இரவில் ஓசைப்படாமல் குறைத்து வைத்த காவலர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? போருக்குப் போன காவலர்களில் பலர் திரும்பவில்லை. பெரிய பண்ணைகளும் உடைந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. காலைக் கவ்வும் பற்பொறி 1958இல் தடை. நஞ்சு வைப்பதும் சட்டவிரோதம். 1959 மாரியிலிருந்து 1960 வசந்தம்வரை கிழக்கு இங்கிலாந்தில் 1,300 நரிகள்வரை இறந்து கிடந்தன. யாரும் நஞ்சு வைக்கவில்லை. விதைத்தானியத்தில் பூசிய டீல்ட்ரின் போன்ற பூச்சிமருந்தைத் தின்ற புறாக்களை நரிகள் தின்றிருந்தன. இந்த வரலாறு முழுவதிலும் யாரும் திட்டமிடாத கொலை இது ஒன்றுதான்.

மிஞ்சியது விளக்கும் ரைபிளும். நிலவில்லாத, சற்றுக் காற்றடிக்கும் இரவு நல்லது. ஜீப்பின் பின்னால் ஒருவர் மின்விளக்கைச் சுழற்ற, ஒருவர் துவக்கோடு நிற்பார். நரியின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் ஒன்று உண்டு; அதனால் கண்கள் தணல்போல் மின்னும். ஆட்டின் கண்ணும் மின்னும், நாயின் கண்ணும் மின்னும். வித்தியாசம் தெரிவதுதான் தொழில். காயப்பட்ட முயலின் ஓலத்தை உதட்டால் எழுப்பினால் நரி நேராக ஓடிவரும். சுடுபவர் பார்க்க வேண்டியது நரியை மட்டுமல்ல, நரிக்குப் பின்னால் மண் இருக்கிறதா என்பதையும். விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வேகத்தில் போகும் குண்டு தவறினால், வானம் அதைத் தடுக்காது. மேட்டு விளிம்பில் நிற்கும் நரியை நல்ல வேட்டைக்காரர் விட்டுவிடுவார். கண்ணை மட்டும் பார்த்துச் சுடக்கூடாது, உடல் முழுதும் தெரிய வேண்டும் என்பது முதற்பாடம்.

எங்கள் வீடு ஒரு செம்மறிப் பண்ணையின் ஓரம். பங்குனியில் குட்டி போடும் காலத்தில் இரவில் ஒற்றை வெடி கேட்கும். எழுபத்தைந்து வயதான என் மாமி, முதல் தடவை கேட்டபோது கட்டிலிலிருந்து எழும்பித் தரையில் இருந்துவிட்டார். “ஆரைப் பிள்ளை சுடுறாங்கள்?” என்றார். நரியை என்றேன். “நரியையோ? நரி முகத்தில முழிச்சால் நல்லது எண்டெல்லோ சொல்லுறது” என்றார். பிறகு பழகிவிட்டார். இரண்டாவது வெடி வராவிட்டால், “ஒரே வெடியில முடிச்சிட்டான்” என்று திரும்பிப் படுப்பார். அப்படிக் கணக்கு வைக்க அவருக்கு எங்கே பழகியது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

2000இல் பேர்ன்ஸ் பிரபுவின் தலைமையில் அரசு வைத்த விசாரணைக்குழு, நரியைக் கொல்லும் முறைகளில் எது குறைந்த வேதனை என்று ஆராய்ந்தது. எந்த முறையும் சிக்கலற்றதல்ல என்றது. பொருத்தமான இடத்தில் சரியாகச் செய்தால், விளக்கோடு ரைபிளால் சுடுவது நாய்களால் வேட்டையாடுவதைவிடக் கேடு குறைந்தது என்று தயக்கத்தோடு முடிவு சொன்னது. 2001இல் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியதால் நரிவேட்டை ஏறக்குறைய ஓராண்டு நின்றது. அதனால் நரித்தொகை கூடியதா என்று எண்ணிப் பார்த்த பிரிஸ்டல் ஆய்வாளர்கள், குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2002இல் எழுதினார்கள். நாய்வேட்டை நரியைக் கட்டுப்படுத்துகிறது என்ற வாதம் அதோடு பலவீனப்பட்டது. 2005 பெப்ரவரி 18இலிருந்து இங்கிலாந்திலும் வேல்சிலும் நாய்களை விட்டு நரி வேட்டையாடுவது தடை.

தடை வந்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அன்றோடு நரிகள் தப்பிவிட்டன என்று நகரத்து நண்பர்கள் நம்புவதைப் பார்க்கத்தான் வியப்பாக இருக்கிறது. சிவப்புச் சட்டையும் கொம்பூதலும் போயின. கொலை இரவுக்கு நகர்ந்தது. செம்மறிக்காரரின் பக்கமும் இருக்கிறது. மொத்தக் குட்டிகளில் நரி கொண்டுபோவது சிறு பங்குதான். ஆனால் அந்தச் சிறு பங்கு ஒரே பண்ணையில், ஒரே வாரத்தில் விழலாம். தரையில் கூடுகட்டும் கௌதாரி, ஆள்காட்டிக் குருவிகளைக் காக்கவும் வசந்தத்தில் நரியைக் குறைக்கிறார்கள். அது பலன் தருகிறது என்பதற்கு சாலிஸ்பரி சமவெளியில் 1980களில் செய்த கௌதாரிப் பரிசோதனை சான்று. எனக்குப் புரியாதது மூன்றாவது காரணம். ஆண்டுக்கு மூன்று கோடிக்கும் மேற்பட்ட ஃபெசன்ற் கோழிகளை வளர்த்துக் காட்டில் விட்டுவிட்டு, அவற்றைத் தேடி நரி வருகிறது என்று நரியைக் குற்றம்சாட்டுவது. கோழிக்கூட்டைத் திறந்துவைத்துவிட்டு மரநாயை ஏசுவதுபோல.

சுருக்குக்கம்பியை வேல்ஸ் 2023இலும் ஸ்கொட்லாந்து 2024இலும் தடைசெய்துவிட்டன. அங்கே ரைபிளின் பங்கு இன்னும் கூடும். விளக்கும் போய்க்கொண்டிருக்கிறது. உடற்சூட்டைக் காட்டும் கருவியில் ஈரப்புல்லுக்குள் படுத்திருக்கும் நரி வெள்ளைப் பொட்டாகத் தெரிகிறது. வெளிச்சம் பட்டு மிரளப் பழகிய நரிக்கும் இதில் எச்சரிக்கை இல்லை. துவக்கு முனையில் ஓசையடக்கி இருப்பதால் அடுத்த வீட்டுக்குக் கேட்பதும் குறைவு. ஓராண்டில் எத்தனை நரி சுடப்பட்டது என்று இங்கிலாந்தில் யாரும் அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. விரும்பிய பண்ணைகள் மட்டும் ஓர் அறநிறுவனத்துக்கு எழுதி அனுப்புகின்றன. எலிசபெத் காலத்துத் தேவாலயக் காப்பாளர் ஒவ்வொரு தலையையும் வாங்கிப் பார்த்து, தேதியும் பெயரும் எழுதி வைத்தார்.