இலத்தீனும் இருகிளை மரமும்

உங்களிட்ட பத்தாயிரம் எண்கள் இருக்கின்றன. அதில எந்த ரெண்டைக் கூட்டினால் 100 வரும் என்று கண்டுபிடிக்க வேணும். ஒவ்வொரு சோடியாகக் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஐந்து கோடி தரம் கூட்டவேண்டி வரும். கடந்துவந்த எண்களை ஒரு பக்கத்தில குறிச்சுக்கொண்டே போனால், புது எண் வரேக்க 'இதுக்குரிய சோடி ஏற்கெனவே வந்திட்டுதா?' என்று மட்டும் பார்த்தால் போதும். ஒரே நடையில வேலை முடிஞ்சிடும். பெரிய தொழில்நுட்பக் கொம்பனிகளின் கோடிங் இன்டர்வியூவில கேட்கிற இலகுவான கேள்விகளில இது ஒன்று. முக்கால் மணித்தியாலத்துக்குள்ள, ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிக்கிறதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேணும்.

கலைப்பீடத்துக்காரருக்கு இதில என்ன அலுவல் என்று கேட்பியள். எங்களுக்கு இது வரலாற்றுக் கேள்வி. வேலையில அநேகமாகச் செய்யப்போகாத ஒன்றை வைத்து அந்த வேலைக்கு ஆள் எடுக்கிற வழக்கம் எப்ப தொடங்கினது?

1854இல் மெக்காலே தலைமையிலான குழு இந்தியச் சிவில் சேவைக்கு எப்படி ஆள் எடுக்கிறது என்று ஒரு அறிக்கை கொடுத்தது. அதுவரை கிழக்கிந்தியக் கொம்பனியின் இயக்குநர்கள் தங்களுக்கு வேண்டியவர்களின் பிள்ளைகளை நியமித்து வந்தார்கள். இனித் திறந்த போட்டிப் பரீட்சை என்றது அறிக்கை. 1855இல் முதல் பரீட்சை லண்டனில நடந்தது. இலத்தீனுக்கு 750 புள்ளி, கிரேக்கத்துக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் 375 படிதான். வங்காளத்தில வரி வசூலிக்கப் போறவனுக்கு இலத்தீன் எதுக்கு? கெட்டிக்காரன் எதில கெட்டிக்காரனாக இருந்தாலும் பரவாயில்லை, மிச்சத்தைப் பிறகு படிச்சுக்கொள்வான் என்பதுதான் மெக்காலேயின் வாதம். இன்றைக்கும் கொம்பனிக்காரர் சொல்லுறது கிட்டத்தட்ட இதுதான்.

பரீட்சை வந்தால் பின்னாலேயே ரியூசன் வரும், இது எங்கட ஊருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லாத விஷயம். லண்டனில வால்டர் ரென் என்பவரின் பயிற்சி நிலையம் சிவில் சேவைப் பரீட்சைக்கென்றே பேர்போனது. அறிவைத் தேடுறமாதிரி இல்லை, திணிக்கிறமாதிரி இருக்கு என்று அப்பவே முறைப்பாடு எழுந்தது. இதன் இன்றைய வடிவம் முன்னாள் கூகுள் பொறியியலாளர் கேல் லாக்மன் மக்டவல் 2008இல் வெளியிட்ட வழிகாட்டிப் புத்தகம். அதன் ஆறாம் பதிப்பில 189 கேள்விகளும் விடைகளும். எங்கட பாஸ்ட் பேப்பர் கட்டு மாதிரித்தான்.

இலங்கையில இந்தக் கதையோட ஒட்டின பெயர் பொன்னம்பலம் அருணாசலம். திறந்த போட்டி மூலம் 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்குள்ள போன முதல் இலங்கையர். பள்ளிப் புத்தகம் இந்த வரியோட நிப்பாட்டிவிடும். அவர் புலமைப்பரிசில் பெற்று கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில படிச்சவர், மாமன் முத்து குமாரசுவாமி சட்டநிரூபண சபை உறுப்பினர் என்பதையும் சேர்த்து வாசிக்க வேணும். அவரின் மூளையைக் குறைச்சுச் சொல்ல வரேல்லை. 1901 குடிசன மதிப்பீட்டை நடத்தின ஆள் அவர். ஆனால் கதவு திறந்துதான் கிடந்தது, அந்தக் கதவு வரை போகக் கப்பல் காசு வேணும். இந்தியாவிலயே அந்தப் பரீட்சையை எழுதுகிற வசதி 1922இல்தான் வந்தது.

கணினித் துறைக்குள்ள இந்த யோசனை நுழைஞ்சது 1955இல். பல்கலைக்கழகங்களில கணினித் துறையே இல்லாத காலம். நிரல் எழுத ஆரை எடுக்கிறது என்று தெரியாத ஐ.பி.எம், எண் வரிசை, உருவ ஒப்புமை, கணக்கு என்று ஒரு திறனறி சோதனையை உருவாக்கியது. பிறகு புதிர்க் கேள்விகள் வந்தன. 2013இல் கூகுளின் ஆளணிப் பொறுப்பாளர் லாஸ்லோ பொக், அந்தப் புதிர்களால எந்தப் பிரயோசனமும் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். நிரல் கேள்வி மட்டும் நிலைச்சது. 2015இல் மக்ஸ் ஹவல் என்ற நிரலாளரைக் கூகுள் எடுக்கவில்லை. கூகுள்காரரே பரவலாகப் பாவிக்கிற ஹோம்புரூ மென்பொருளை எழுதினவர். இருகிளை மரம் ஒன்றை வெண்பலகையில இடம் வலமாக மாற்றச் சொன்னார்களாம், முடியேல்லை என்று அவரே எழுதினார். (எங்களிட்ட அது கொஞ்சம் சிரிப்பையும் கொஞ்சம் பயத்தையும் கிளப்பினது.)

இருந்தும் இந்த இன்டர்வியூவைத் தூக்கி எறியச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. பாலையூற்றில இருக்கிற ஒரு பிள்ளைக்கு அரசாங்க வேலை என்றால் ஆரைப் பிடிக்கலாம் என்ற கதைதான் வீட்டில முதல் எழும். மரத்தைத் திருப்பச் சொல்லுறவன் அப்பா ஆர், எந்த எம்.பி. கடிதம் தந்தவர் என்று கேட்கிறதில்லை. 1854க்கு முந்தின நிலையோட ஒப்பிட்டால் மெக்காலே செய்தது பெரிய காரியம்தான். சிக்கல் அவன் கேட்காமலே கேட்கிற இன்னொன்றில இருக்கு: வெறும் நேரம். மூன்று நாலு மாதம், நாளுக்கு ரெண்டு மூன்று கணக்கு, நல்ல இணையம். பகலில கடையில நிண்டு உழைச்சு வீட்டுக்குக் காசு கொடுக்கிற பொடியனுக்கும், விடுமுறைக்கு வீட்டில சும்மா இருக்கிறவனுக்கும் கேள்வி ஒன்றுதான். 2022 மார்ச் கடைசியில கரண்ட் 13 மணித்தியாலம் வரை நிண்டதே, அப்ப படிச்சவர்களுக்கு இது கூடுதலாக விளங்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2020இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசொஃப்டும் சேர்ந்து 48 மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டன. ஒரு பகுதியினர் ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க வெண்பலகையில எழுதினார்கள்; மற்றவர்கள் அதே கணக்கைத் தனி அறையில எழுதினார்கள். பார்க்கப்பட்டவர்களின் பெறுபேறு பாதிக்கும் கீழ போனது. சின்ன ஆய்வுதான். ஆனால் அதில ஒரு விஷயம் எங்களை நிப்பாட்டினது. ஆள் பார்த்துக்கொண்டிருந்த அறையில பெண்கள் ஒருத்தரும் சித்தியடையவில்லை. தனிய இருந்து எழுதின பெண்கள் எல்லாரும் சித்தியடைந்தார்கள்.