மாவுக்கட்டு பிறந்த மண்

பாரிஸின் புறநகரான ஆர்ஜொந்தெய் என்றதும் ஓவியம் தெரிந்தவர்களுக்கு மோனே நினைவுக்கு வருவார். 1871 முதல் 1878 வரை இங்கே குடியிருந்து சேன் நதியையும் பாய்ப்படகுகளையும் வரைந்து குவித்தார். ஊர்க்காரர்களின் பிழைப்போ திராட்சை, அத்திப்பழம், அஸ்பராகஸ், பிறகு ஜிப்சம். குன்றைக் குடைந்தெடுத்த அந்த வெள்ளைக் கல்லைச் சூளையில் சுட்டு மாவாக்கினால் பாரிஸ் சாந்து. 1666இல் லண்டன் எரிந்ததைக் கண்ட பதினான்காம் லூயி, மறுவருடமே பாரிஸின் மரவீடுகளுக்கு அதைப் பூசச் சொல்லி ஆணையிட்டான். சூளையில் இழந்த நீரைத் திரும்பக் குடித்துத்தான் அந்த மாவு இறுகுகிறது என்று 1765இல் விளக்கியவர், இருபதுகளின் தொடக்கத்திலிருந்த லவாய்சியே.

சுவருக்குப் பூசியதை 1851இல் உடம்புக்குக் கொண்டுவந்தார் டச்சு ராணுவ மருத்துவர் மத்தைசன். துணிப்பட்டையில் உலர்ந்த மாவைத் தேய்த்து, நனைத்து, முறிந்த காலில் சுற்றினார். சில நிமிடங்களில் கல்லாயிற்று.

ஆனால் மாவுக்கட்டு, எலும்பு முறிந்த பிறகு வருவது. கால் தடுக்கியதற்கே இடுப்பெலும்பு முறிவது ஏன்? 1835இல் மறைந்த ஸ்ட்ராஸ்பூர் மருத்துவர் லோப்ஸ்டைன், துளை விழுந்த எலும்பு என்னும் பொருளில் ‘ஒஸ்டியோபொரோஸ்’ என்று பெயர் வைத்தார். பெயர் வந்தும் நோய் பிடிபடவில்லை. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு தேய்வதற்கும் ஹார்மோன் குறைவதற்கும் உள்ள தொடர்பை பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் எடுத்துக்காட்ட 1940கள் ஆயின. எத்தனை பாட்டிமாரின் கூன் அதற்குள் ‘வயசுக் கோளாறு’ ஆகிப் போயிருக்கும்!

ஹார்மோன் ஒருபுறமிருக்க, பாரிஸின் ஓத்தெல்-தியே மருத்துவமனையில் த்ரூசோ, வளைந்த எலும்புள்ள குழந்தைகளுக்கு மீனெண்ணெயும் வெயிலும் கொடுக்கச் சொன்னது 19ஆம் நூற்றாண்டில். அந்த எண்ணெயில் வேலை செய்ததற்கு வைட்டமின் டி என்ற பெயர் கிடைத்தது 1922இல். முதியோருக்கு அதன் பலனை உரசிப் பார்த்ததும் பிரான்ஸ்தான். லியோன் மருத்துவர்கள் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களில் ஒரு பாதிக்கு தினமும் 1.2 கிராம் கால்சியமும் 800 அலகு வைட்டமின் டியும் கொடுத்தார்கள். பதினெட்டு மாதத்தில் அவர்களிடையே இடுப்பு முறிவு, மற்ற பாதியைவிட 43 சதவீதம் குறைவு. 1992இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் மருந்துச்சீட்டுகளை மாற்றியது.

1983 இனக்கலவரத்துக்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் கடை போட்டு, ஆர்ஜொந்தெய் போன்ற புறநகர்களில் குடியேறியவர்களுக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. பத்தாவது அகலாங்கின் வெயிலை விட்டு நாற்பத்தொன்பதாவதுக்கு வந்தவர்கள் அவர்கள். கருத்த தோல் வைட்டமின் டி செய்யக் கூடுதல் வெயில் கேட்கும். கிளாஸ்கோவில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களிடம் எலும்பு மென்மையாவதை அங்குள்ள மருத்துவர்கள் 1960களிலேயே கண்டார்கள்.

கால்சியத்துக்கு மட்டும் குறைவில்லை. லாச்சப்பல் கடைத்தட்டில் குரக்கன் மா இருக்கிறது. நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம். பக்கத்திலேயே எள், முள்ளோடு மென்று தின்னும் நெத்தலிக் கருவாடு, வெள்ளிக்கிழமை வந்திறங்கும் முருங்கையிலைக் கட்டு. வெயிலைத்தான் பொதி கட்டிக் கொண்டுவர முடியவில்லை.

1985இல் தொடங்கிய மாணிக்கப் பிள்ளையார் கோயிலின் தேர், கோடை முடியும் தறுவாயில் இத்தெருக்களில் இறங்கும். வெறுங்காலோடு கற்பூரச்சட்டி ஏந்தி, முகத்தில் வெயில் விழப் பெண்கள் நடப்பார்கள், தேங்காய்கள் சிதறும். இரண்டு மாதம் கழிந்தால் அதே தெருவில் கோட்டும் கழுத்துத் துணியும்தான். பிறகு பிப்ரவரி முடியும்வரை, உச்சிவேளைச் சூரியன்கூட இங்கே தோலில் வைட்டமின் டி உண்டாக்கப் போதாது.