சாவிக்கொத்தும் சம்பளப் பட்டியலும்

2023-இல் 'ஜெயிலர்' படம் வந்தபோது பேரன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ரஜினி அதில் ஓய்வுபெற்ற ஜெயிலர். தியேட்டரே விசில் அடித்துக்கொண்டிருக்க, என் மண்டைக்குள் ஓடியது ஒரே கேள்விதான்: இந்த மனுஷனுக்கு மாசம் பென்ஷன் எவ்வளவு வரும்? கருவூலத்தில் சம்பளப் பட்டியல் பார்த்தே தலை நரைத்தவனுக்கு வேறு என்ன தோன்றும்!

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் படித்தேன். எங்கள் தெருவில் ஒரு முன்னாள் முதன்மைத் தலைமைக் காவலர் இருக்கிறார். குன்றத்தூர் மலைக்கோயில் அடிவாரத்தில் மாலை நடைக்கு வருவார். அவரிடமும் பேசினேன். பெயர் போடாதீங்க சார் என்று சொல்லிவிட்டதால் போடவில்லை.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் காக்கி போட்ட எல்லோரையும் ஜெயிலர் என்றே நினைக்கிறோம். சிறைக்குள் கீழ்ப்படியில் இரண்டாம் நிலைக் காவலர். அந்தக் காலத்து வார்த்தையில் வார்டர். அதற்கு மேல் முதல் நிலைக் காவலர், பிறகு முதன்மைத் தலைமைக் காவலர். அதோடு காவலர் வரிசை முடிகிறது. அதற்கு மேல் உதவி ஜெயிலர், துணை ஜெயிலர், ஜெயிலர். அதற்கும் மேலே கூடுதல் கண்காணிப்பாளர், கண்காணிப்பாளர். நான் இங்கே பேசப் போவது நடுவில் இருப்பவர்களைப் பற்றி. காவலரை வேலை வாங்குபவர்கள், மாலையில் கைதிகளை எண்ணிப் பூட்டிக் கணக்குச் சொல்பவர்கள்.

இந்த நடு ஆட்களுக்கு வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சம்பளம் விசித்திரமானது. சம்பளமே இல்லை! கைதிகளிலேயே நன்னடத்தை உள்ளவனாகப் பார்த்து இரவுக் காவலன், மேற்பார்வையாளன், கான்விக்ட் வார்டர் என்று படிப்படியாக உயர்த்தினார்கள். கூலி ரூபாயில் இல்லை, நாளில். சாதாரணக் கைதிக்குக் கிடைக்கும் ரெமிஷனைவிட இவனுக்கு மாதாமாதம் சில நாட்கள் கூடுதலாகக் கழியும். சர்க்காருக்குக் காசு மிச்சம், அவனுக்குத் தண்டனை மிச்சம். மற்ற கைதிகள் பாடு? அதை யாரும் கணக்கில் எழுதவில்லை. சக கைதியின் முதுகில் ஏறித்தான் ஒருவன் சீக்கிரம் வீடு போகலாம் என்று ஏற்பாடு செய்துவிட்டு, அதை ஒழுக்கத்துக்குப் பரிசு என்றார்கள்.

இது ஏதோ மறைவாக நடந்ததும் இல்லை. 1894-ஆம் ஆண்டு சிறைகள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அதிகாரியாக நியமிக்கப்பட்ட கைதியை இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி அரசு ஊழியராகவே கருதச் சொல்கிறது. அரசு ஊழியர் என்ற அந்தஸ்து உண்டு, சம்பளப் பட்டியலில் மட்டும் பெயர் இல்லை. என் முப்பது வருட சர்வீஸில் அப்படி ஒரு ஊழியரை நான் பார்த்ததில்லை.

அதே சட்டம் சம்பளம் வாங்கும் ஊழியர்களை எப்படி நடத்தியது என்பதையும் பாருங்கள். ஜெயிலர் சிறைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும், வெளியே தங்க கண்காணிப்பாளரின் எழுத்து மூலமான அனுமதி தேவை. ஒரு ராத்திரிகூட அனுமதியில்லாமல் வெளியே இருக்கக் கூடாது. 54-ஆம் பிரிவு இன்னும் சுவாரசியமானது. கீழ்நிலை ஊழியர் இரண்டு மாதம் முன்னதாக எழுதிக் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனால் குற்றம். லீவு முடிந்தும் வராமல் இருந்தால் குற்றம். வேறு வேலை பார்த்தால் குற்றம். கோழைத்தனம் காட்டினாலும் குற்றம்! தண்டனை 200 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தக் காலத்து வார்டருக்கு 200 ரூபாய் என்பது பல மாதச் சம்பளம். வேலையை விட்டு ஓடினால் காவல் காத்த இடத்துக்கே கைதியாக வரலாம். நம் இலாகாவில் ராஜினாமா கொடுத்தால் அதிகபட்சம் நோட்டீஸ் காலச் சம்பளத்தைப் பிடிப்பார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சட்டம் வந்து 14 வருடம் கழித்து வ.உ.சி. கோவைச் சிறைக்குப் போனார். செக்கிழுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர் செய்யுளாக எழுதிய சுயசரிதையில் ஜெயிலரும் வார்டர்களும் வருகிறார்கள். படிக்காதவர்கள் படியுங்கள். சிறை என்றால் சுவர் என்று நினைக்கிறோம். உள்ளே இருப்பவனுக்குச் சிறை என்பது தன் பிளாக்குக்கு வரும் அந்த ஒரு ஆள்தான். அவன் நல்லவனாக வாய்த்தால் ஒரு மாதிரி, கெட்டவனாக வாய்த்தால் வேறு மாதிரி.

1919-இல் இந்தியச் சிறைகள் குழு அமைத்தார்கள். தலைவர் சர் அலெக்சாண்டர் கார்டியூ, நம் சென்னை ராஜதானியில் வேலை பார்த்த சிவிலியன். சிறையின் நோக்கம் தண்டிப்பது மட்டுமல்ல, திருத்துவதும்தான் என்று அந்தக் குழு சொன்னது. திருத்துவதற்கு ஆள் வேண்டுமே! படிப்பும் பயிற்சியும் இல்லாத, வயிற்றுக்குப் போதாத சம்பளம் வாங்குகிற ஆளை வைத்துக்கொண்டு யாரைத் திருத்துவது? அன்றிலிருந்து இன்றுவரை வந்த ஒவ்வொரு குழுவும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது.

1979-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் வந்தது. திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி எழுதியது. இன்னொரு கைதியைப் பணம் கேட்டு ஒரு தலைமைக் காவலர் கொடூரமாகச் சித்திரவதை செய்தார் என்று அதில் இருந்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார். கைதியின் உரிமை பற்றிப் பேசும்போது இந்த வழக்கைக் குறிப்பிடாதவர் இல்லை. நான் அதை வேறு கண்ணோடும் பார்க்கிறேன். அது ஒரு தலைமைக் காவலரின் வழக்கும்தான். சாவி கையில் இருக்கிறது, மேலே இருப்பவர் தினமும் பிளாக்குக்குள் வருவதில்லை, சம்பளம் சொற்பம். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் சிலர் கெட்டுப் போகிறார்கள். அதற்காக அந்த ஆள் செய்தது நியாயம் என்று ஆகிவிடாது. அதே சம்பளத்தில் கை நீட்டாமல் ரிடையர் ஆனவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

1980-இல் அமைத்த நீதிபதி முல்லா குழு 1983-இல் அறிக்கை கொடுத்தது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போல சிறைக்கென்று ஒரு அகில இந்தியப் பணி வேண்டும் என்றார்கள். அது வரவே இல்லை. அதற்கு முன்பே, 1979-இல், வேலூரில் சிறை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகம் தொடங்கியது ஒரு நல்ல காரியம். தென் மாநில அதிகாரிகள் இன்றும் அங்கே பயிற்சிக்கு வருகிறார்கள்.

இனி 17 நவம்பர் 1999. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே, 1837-லிருந்து நின்ற பழைய மத்திய சிறை. பாக்ஸர் வடிவேலு என்ற கைதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்ற செய்தி உள்ளே பரவியதும் கலவரம் வெடித்தது. துணை ஜெயிலர் ஜெயக்குமாரைக் கைதிகள் எரித்துக் கொன்றார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கைதிகளும் செத்தார்கள். ஊரே நடுங்கிய நாள் அது. அண்ணா, கலைஞர், ஜெயலலிதா என்று மூன்று முதலமைச்சர்களை உள்ளே வைத்திருந்த சிறை அது. ஆனால் கோபம் வந்த கூட்டத்தின் கையில் சிக்கியது ஒரு துணை ஜெயிலர். மேலே இருப்பவர்கள் எடுத்த முடிவுக்கும் கீழே இருப்பவர்களின் ஆத்திரத்துக்கும் நடுவில் நிற்கும் பதவி அது. 2006-இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009-இல் பழைய கட்டடத்தை இடிப்பதற்கு முன் பொதுமக்களைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள், கூட்டம் அலைமோதியது. செல்களைத்தான் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். காவலர் நின்ற இடத்தை யாராவது பார்த்திருப்பார்களா, தெரியாது.

சரி, சம்பளத்துக்கு வருவோம். ஏழாவது சம்பளக் கமிஷன் படி இரண்டாம் நிலைச் சிறைக்காவலர் 18,200 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்கிறார். போலீஸ் காவலருக்கும் தீயணைப்பு வீரருக்கும் அதேதான், தேர்வும் ஒன்றே. தேர்வாணையம் மூலம் வரும் உதவி ஜெயிலருக்கு 35,400, ஜெயிலருக்கு 36,900. போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரும் 36,900-இல்தான் தொடங்குகிறார். ஆயிரம் பேர் அடைந்து கிடக்கும் இடத்தைக் கட்டி மேய்ப்பவரும் புதிதாக ஸ்டேஷனுக்கு வந்த எஸ்.ஐ.யும் பட்டியலில் ஒரே வரி! எஸ்.ஐ. வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உதவி ஜெயிலருக்கும் ஜெயிலருக்கும் தொடக்கத்தில் 1,500 ரூபாய்தான் வித்தியாசம் என்பதைப் பார்த்தபோது, பொறுப்புக்கு விலை போட்டவர் சிறைக்குள் ஒரு நாளாவது இருந்திருப்பாரா என்று தோன்றியது.

மேற்பார்வை செய்யும் தலைமைக் காவலர் நிலை இன்னும் சங்கடம். அமெரிக்காவில் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, சிறைக்காவலர்களின் நேரடி மேற்பார்வையாளர்களைத் தனித் தொழிலாகவே கணக்கெடுத்து எண்ணிக்கையும் ஊதியமும் வெளியிடுகிறது. நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் தலைமைக் காவலரும் காவலரும் ஒரே கட்டத்தில் அடக்கம்.

எண்ணிக்கையையும் போட்டுப் பார்த்தேன். 2016 மாதிரிச் சிறைக் கையேடு ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்கிறது. 1,250 பேருக்கான சிறையில் 208 காவலர். மூன்று ஷிப்டாகப் பிரித்தால் ஒரு நேரத்தில் 69 பேர். அதில் வார ஓய்வு, லீவு, கேட், கோபுரம் எல்லாம் போக பிளாக்குகளில் நிற்பவர்கள் எத்தனை? இதுவும் எல்லா இடமும் நிரம்பியிருந்தால். நாடு முழுவதும் சிறை ஊழியர்களில் பத்தில் சுமார் மூன்று இடம் காலி. தமிழ்நாட்டில் ஒரு நிம்மதி, பல வட மாநிலங்களைப் போல இங்கே சிறைகள் கொள்ளளவைத் தாண்டி வழியவில்லை.

பக்கத்துத் தெருக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். சிரித்தார். "சார், பேப்பர்ல எத்தனை பேர்னு நாங்க பாக்கறதில்லை. சாயங்காலம் லாக்கப்புல எண்ணும்போது கணக்கு டாலி ஆகணும். ஒரு தலை குறைஞ்சா, அன்னிக்கு யாருக்கும் வீடு கிடையாது" என்றார். பெண் சிறைகளில் வேலை பார்த்த சகாக்களைப் பற்றியும் சொன்னார். புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை என்று ஐந்து இடத்தில் பெண்களுக்கான தனிச்சிறை உண்டு. தாயோடு வரும் சின்னக் குழந்தைகளுக்கும் அங்கே இவர்கள்தான் அத்தை, பாட்டி எல்லாம். அதற்குப் பட்டியலில் எந்தப் படியும் இல்லை.

2023-இல் மத்திய உள்துறை அந்த 1894 சட்டத்துக்குப் பதிலாக ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. கோழைத்தனத்துக்கு மூன்று மாதம் என்பதைப் படித்துக் காட்டினேன். நண்பருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தைரியத்துக்கு என்ன குடுக்கறாங்கன்னு அதுல போட்டிருக்கா சார்?" என்று கேட்டார். நானும் முழுச் சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன். போடவில்லை.